காய்க்க எத்தனை வருசம்

என் மகள் அமெரிக்காவில் வீடு வாங்கியதை, வீடு வாங்கிவிட்டேன் என்று என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து, “அம்மா, ஊட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் எடம் இருக்குது. என்ன பழமரம் வெக்கலாம்?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே போனைத் திருப்பிக் காட்டினாள். பலகை வேலி, நடுவில் புல், ஒரு மூலையில் தண்ணீர்க் குழாய். வாடகை வீட்டுக்குப் பின்னால் யாராவது பழமரம் வைப்பார்களா? எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது அவளுக்கும் தெரிந்துவிட்டது. உடனே மருமகன் காலையில் தோசை சுட்டுக் கருக்கிய கதைக்குத் தாவினாள்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. “மாமரம் வை கண்ணு, வேறென்ன?” என்றார்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி டெக்சஸ் போகும்போது, “மூணு வருசம் இருந்துட்டு வந்தர்றோம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் நம்பினேன். நம்பியதற்கு அடையாளமாக எங்கள் வீட்டுக்கு வடக்கே, அதே காம்பவுண்டுக்குள், ஒரு சைட் காலியாகக் கிடக்கிறது. அவள் வந்ததும் வீடு கட்டுவதற்காக விட்டு வைத்தது. அதில் கீரை போடுவேன், வெண்டை போடுவேன். வேண்டாம் என்றால் பிடுங்கிவிடக் கூடிய எதையும் போடுவேன். மரம் மட்டும் வைக்க விட்டதில்லை. ஒருமுறை இவர் காங்கேயம் போய்விட்டு வரும்போது தென்னங்கன்று ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். “ஊடு கட்டற எடத்துல மரத்தை வெச்சுப்போட்டு, அப்பறம் அதைத் தோண்டறதுக்கு ஆளைத் தேடறதுங்களா?” என்று கேட்டேன். கன்று பக்கத்துத் தெருவில் யார் வீட்டுக்கோ போய்விட்டது.

நாங்கள் அவிநாசி ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறோம். ஆண்கள் போடும் உள்பனியன், உள்நாட்டு வியாபாரம் மட்டும். நூலைத் துணியாக ஓட்டுவது, கட்டிங், தையல் எல்லாம் அவர் பொறுப்பு. செக்கிங்கும் பேக்கிங்கும் என் பொறுப்பு. அவருக்குத் துணி தெரியும். இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தே துணியின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்லிவிடுவார், தராசு பிறகு அதையே சொல்லும். ஆனால் மரம் தெரியாது. கறிவேப்பிலை என்று நினைத்து ஒரு மாதம் வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிய மனிதர். நான் ஊத்துக்குளிப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மரத்தைப் பற்றிப் பேச இந்த வீட்டில் யாருக்காவது யோக்கியதை உண்டு என்றால் அது எனக்குத்தான். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அதனால் மகளிடம் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “குளுரு எப்படி கண்ணு அங்க?”

“வெயிலு நம்மூரை விட மோசம்மா. புழுக்கம் வேற. குளுருன்னு பெருசா ஒண்ணும் கெடையாது. ஆனா வருசத்துல ஏதோ ரெண்டொரு நாளு தண்ணி ஒறைஞ்சு போயிரும்.”

“ஒறைஞ்சுன்னா?”

“ஃப்ரீசர்ல வெச்சாப்பல. கொழாயெல்லாம் வெடிச்சுரும். சில வருசம் வரும், சில வருசம் வராது.”

எனக்குத் தெரிந்த குளிர் மார்கழிக் குளிர். தெரிந்த சேதம், பனி விழுந்து மாம்பூ கருகுவது. இவள் சொல்வது வேறு. வருடா வருடம் தவறாமல் குளிர்ந்தால் அதற்கேற்ற மரத்தை வைக்கலாம். குளிரே இல்லை என்றால் நம் ஊர் மரத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இது இரண்டிலும் சேர்த்தி இல்லை. எப்போதாவது ஒருமுறை சொல்லாமல் வந்து, வீட்டையே இரண்டாக்கிவிட்டுப் போகும் சொந்தக்கார ஒறம்பரை போன்ற குளிர். அந்த ஒறம்பரை வராத நாளெல்லாம் அந்த ஊர் நம் ஊர் போலவே இருந்து ஏமாற்றும்.

அன்றைக்கு என் யோசனையைச் சொன்னேன். பப்பாளி வை, வாழை வை, கொய்யா வை. முருங்கைக் குச்சி கிடைத்தால் ஓரத்தில் ஒன்று நடு. “சீக்கரமாக் காய்க்கறதா வை கண்ணு. வெச்சுட்டு வருசக்கணக்காப் பாத்துட்டு உக்கோந்திருக்க முடியுமா?”

என் கணக்கு எனக்கு. பப்பாளி வைத்த வருடமே காய்க்கும். பறித்துத் தின்றுவிட்டு, வேலியைச் சாத்திவிட்டு, கிளம்பி வந்துவிடலாம். மாமரம் வைக்கிறவள் வரமாட்டாள். மகள் எந்த மரத்தின் பேரைச் சொன்னாலும் நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: “காய்க்க எத்தனை வருசம்?” இரண்டு என்றால் சரி என்பேன். நாலு என்றால் மண் ஒத்துக்கொள்ளாது என்பேன். நான் பார்த்தே இராத மண்ணைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசினேன்.

அப்பாவும் மகளும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் என் பேச்சு எடுபடாது. ஒட்டு மாங்கன்று ஒன்று வாங்கினாள். என் வாய்க்குப் பயந்து ஒரு பப்பாளியும் வாங்கினாள்.

அந்தக் கோடை முழுவதும் மாங்கன்று அமர்க்களமாக வளர்ந்தது. செம்பு நிறத்தில் தளிர் விட்டதும் போட்டோ வந்தது. இவர் அதைத் தன் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். கட்டிங் மாஸ்டரில் இருந்து டீ கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் காட்டினார். “எம்புள்ள அமெரிக்காவுல மாந்தோப்பு வெச்சிருக்குது” என்றார். ஒரு கன்று எப்படித் தோப்பாகும் என்று நான் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பப்பாளியும் காய்த்தது. காயாகவே பறித்துக் கூட்டு வைத்தேன் என்று மகள் சொன்னாள். அந்த ஊர் வெயிலில் கறுத்துப் போயிருந்தாள். ஆனால் முகம் நன்றாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அங்கேயே வேர் பிடித்துவிடுவாளோ என்றும் இருந்தது.

தீபாவளி ஆர்டர் முடிந்து யூனிட் கொஞ்சம் ஓய்ந்த சமயத்தில் இவருக்கு அந்த யோசனை வந்தது. குளிர் வரும் அன்று மரத்தைத் துணியால் மூடிவிட்டால் போதும் என்று அங்கே சொல்கிறார்களாம். துணி என்று காதில் விழுந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. “துணிதானே? அது நம்ம வேலை கண்ணு. நீ கவலையே படாதே” என்றார்.

பிறகு கேட்டார் பாருங்கள். “மரத்துக்கு செஸ்ட் எவ்வளவு வருது?”

மகள் சிரித்துச் சிரித்து, டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தாள். கிளைகளைச் சேர்த்துப் பிடித்தால் சுற்றளவு எவ்வளவு, முதல் கிளைக்குக் கீழே தண்டு எவ்வளவு, உயரம் எவ்வளவு. இவர் பேட்டர்ன் போட்டார். காட்டன் துணி, அதுவும் இரண்டு அடுக்கு. தலைப்பக்கம் மூடித் தைத்து, கீழே தண்டைக் கவ்விப் பிடிக்க, இழுபடும் ரிப் துணி வைத்து, அதற்குள் நாடா கோர்த்தார். ஓவர்லாக் அடித்த அக்கா, “இதுக்குக் கை வெக்கலீங்களா முதலாளி?” என்று கேட்டதும் தையல் ஹாலே சிரித்தது. பாலியஸ்டர் துணி எடை குறைவாக இருக்குமே என்று கட்டிங் மாஸ்டர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். “பாலியஸ்டரா? அது நம்ம யூனிட் வாசப்படி ஏறாது” என்று இவர் அடித்துச் சொல்லிவிட்டார். அவர் அப்பா காலத்திலிருந்து காட்டனைத் தவிர வேறெதையும் மிஷினில் ஏற்றாத குடும்பம் இது. அந்தக் கர்வம் சாப்பாட்டில் உப்பு போல எல்லாவற்றிலும் இருக்கும்.

அவிநாசியில் இருந்து ஒரு தம்பதி தங்கள் மகனைப் பார்க்க அதே ஊருக்குப் போனார்கள். அவர்கள் பெட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் இடம் தந்தார்கள். நான் ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி உருக்கி, முருங்கைக்கீரை போட்டு இறக்கி, டப்பாவில் அடைத்து வைத்திருந்தேன். பருப்புப் பொடி வைத்திருந்தேன். மரத்துப் பனியன் உள்ளே போனதும் நெய்க்கு இடமில்லை. பொடிக்கும் இடமில்லை. “புள்ள திங்கறதா, மரம் உடுத்தறதா, எதுங்க முக்கியம்?” என்று நடுவாசலில் நின்று சண்டை போட்டேன். பெட்டி மூடப்பட்டுவிட்டது. அந்த நெய்யை ஒரு வாரம் அவர் தட்டில் நான் ஊற்றவே இல்லை.

குளிர் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்த அன்று, மகளும் மருமகனும் ஸ்டூல் போட்டு ஏறி மரத்துக்குப் பனியன் மாட்டினார்கள். இங்கே எங்களுக்குக் காலை நேரம். இவர் போனைப் பிடித்துக்கொண்டு, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் செய்வதைப் போல, “இடது பக்கம் சுருங்குது பாரு, நீவி வுடு. நாடாவை இன்னும் இறுக்கு” என்று அதிகாரம் பண்ணினார். மாட்டி முடித்ததும், உள்ளதைச் சொல்ல வேண்டும், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அந்த வேலிக்குள் வெள்ளையாக, எங்கள் யூனிட் தையலோடு, எங்கள் வீட்டுப் பொருள் ஒன்று நின்றது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

“மழை தூறுதுங்கப்பா” என்றாள் மகள்.

“தூறட்டும் கண்ணு. மரத்துக்கு மழை நல்லதுதானே” என்றார் இவர். எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தோன்றவில்லை.

அன்று மாலை நான் பேக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. அங்கே காலை. மகள் கேமராவைத் திருப்பினாள். பனியன் தகரம் போல விறைத்து நின்றது. மழையை எல்லாம் குடித்து, அப்படியே உறைந்து, அதன் கனம் தாங்காமல் மாங்கன்று கவட்டையில் பிளந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மகள் விரலால் தட்டினாள். டொக் டொக் என்று சத்தம் வந்தது. பப்பாளி வேகவைத்த காய் போலத் துவண்டு கிடந்தது. வெயில் வந்து பனிக்கட்டி உருகி, துணியைக் கழற்றிய பிறகு இன்னொரு முறை கூப்பிட்டாள். இலைகளெல்லாம் கொதிநீரில் முக்கி எடுத்த கீரை போலக் கறுத்திருந்தன.

அந்த ஊருக்குப் போனதிலிருந்து என் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. “அம்மா, இந்த ஊரு இதுக்கு ஒத்தே வராதும்மா” என்றாள்.

எனக்கு ஏற்பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம் வந்தது. மகள் அழுகிறாள், நான் மனதுக்குள் பூரித்துப் போகிறேன். “அதான் கண்ணு நானும் சொல்றேன். எல்லாத்தையும் வித்துப்போட்டு வந்துரு. வடக்குச் சைட்டு அப்படியேதான் கெடக்குது. நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்றேன்” என்று மூச்சு விடாமல் பேசினேன். பேக்கிங் பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். “நான் மாமரத்தைச் சொன்னேன்மா” என்றாள்.

பிறகு சில வாரங்கள் மரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இவர் முகப்புப் படத்தை எடுத்துவிட்டு, பழையபடி மாரியம்மன் படத்தை வைத்துக்கொண்டார். யூனிட்டில் துணி ரோலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நடந்தார். தண்ணீரைக் குடிப்பதுதான் காட்டனின் குணம், வேர்வையைக் குடிப்பதால்தானே உள்பனியனே விற்கிறது. வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லி வியாபாரம் செய்தவர் அதை மறந்துபோனார். துவைத்துக் காயப்போடுகிற எனக்கும் நினைவு வரவில்லை, அது வேறு விஷயம்.

ஈரம் மட்டும் தப்பு இல்லை என்று மகள்தான் பிறகு விசாரித்துச் சொன்னாள். “அப்பா, மரத்துக்கு ஒடம்புச் சூடு கெடையாதுங்க. சூடு மண்ணுல இருந்து வருதுங்க. துணி தரையைத் தொட்டு, கூடாரமாட்டம் நிக்கோணும். நாம தண்டோட சேத்து இறுக்கிக் கட்டிப்போட்டோம். கீழ இருந்து வர்ற சூடு உள்ள போகவே இல்லை.”

இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஒட்டினாற்போலத் தைத்தே பழகிய கை. ஒரு பொருளைப் பார்த்தால் அதன் இடுப்பு எங்கே, கழுத்து எங்கே என்றுதான் தேடும். “பனியன் தெச்சதுக்குப் பாவாடை தெச்சிருக்கோணுமுங்க” என்றேன். மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அன்று எழுந்து போய்விட்டார். பாவமாக இருந்தது, சாயங்காலம் நெய் ஊற்றி ராகிக் களி போட்டேன்.

அங்கே குளிர்காலம் முடிந்ததும் மகள் ஒருநாள் கத்திக்கொண்டே கூப்பிட்டாள். “அம்மா, மாமரம் பொழச்சுருச்சு!” அடியில் இரண்டு தளிர் விட்டிருந்தது. இவர் கைதட்டினார். நான் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். “தண்டுல ஒட்டுப் போட்ட எடம் ஒண்ணு முடிச்சாட்டம் இருக்கும், அதைக் காட்டு” என்றேன். காட்டினாள். முடிச்சுக்கு மேலே நகத்தால் சுரண்டச் சொன்னேன். உள்ளே பழுப்பு. கீழே சுரண்டினால் பச்சை. தளிர் வந்திருப்பது முடிச்சுக்குக் கீழே.

இவர் என் கையைத் தொட்டு வேண்டாம் என்பது போலத் தலையசைத்தார். சொல்லாமல் விட்டால், அது நல்ல மாமரம் என்று நினைத்து அவள் வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றுவாள். “கண்ணு, நீ வாங்கின மாமரம் செத்துப்போச்சு. இது அடிக்கன்னுல இருந்து வர்றது. என்ன பழம் குடுக்கும்னு யாருக்கும் தெரியாது. அடுத்த குளுருக்கு இதுவும் போயிரும்” என்றேன்.

நான் எதிர்பார்த்தது, “அப்ப மரமே வேண்டாம்” என்ற வார்த்தையை. அவள் அந்தத் தளிரை விரலால் ஒருமுறை தொட்டாள். பிறகு, “சரிம்மா. அப்ப இந்த ஊருக்குத் தகுந்த மரமாப் பாக்கலாம்” என்றாள். வடக்குச் சைட்டில் வீடு எழும்பாது என்று எனக்கு அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. வீடு வாங்கியபோதுகூட ஒரு ஓரத்தில் நம்பிக்கை இருந்தது. வாங்கியதை விற்கலாம். செத்த மரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மரம் எது என்று கேட்கிறவளை எங்கிருந்து திருப்புவது? அன்று நான் செக்கிங்கில் நல்ல பீஸை எல்லாம் ரிஜெக்டில் போட்டேன் என்று பெண்கள் பிறகு சொன்னார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் நர்சரியில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அவளோடு வரிசை வரிசையாக நடந்தோம். அங்கே ஒவ்வொரு செடியிலும் ஒரு சீட்டு தொங்குகிறது. எவ்வளவு குளிர் தாங்கும் என்று அதில் போட்டிருக்கிறது. நம் ஊரில் யாரும் இப்படி எழுதித் தொங்கவிட மாட்டார்கள், தேவையும் இல்லை.

முதலில் ஒரு அத்தி. பெரிய குளிர் வந்து மேலே காய்ந்துபோனாலும் வேரிலிருந்து திரும்பக் கிளம்பிவிடும் என்றாள். ஒட்டுக்கன்று இல்லை, குச்சி வைத்து வளர்த்தது. அதனால் எங்கிருந்து துளிர்த்தாலும் அதே அத்திதான். அது நல்ல குணம் என்றேன். அடுத்தது மாதுளை. அது நான் அறிந்த செடி, எந்த ஊர் வெயிலுக்கும் முகம் சுளிக்காது. இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குகிற மரத்துக்குக் குளிரால் பெரிய கேடு இல்லை, இலையோடு விழித்துக்கொண்டிருக்கிற மரம்தான் மாட்டிக்கொள்ளும் என்று எனக்கே அப்போது ஒன்று பிடிபட்டது. கமலா ஆரஞ்சு மாதிரி தோல் தளர்ந்த ஒரு ஜாதி இருந்தது. அது இலை உதிர்க்காது, ஆனால் முள்ளு முள்ளான ஒரு நாட்டுக் கன்றின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். அந்த அடிக்கன்று குளிர் வந்ததும் அடங்கிக்கொள்ளுமாம், மேலே இருப்பதையும் அடக்கி வைக்குமாம். “ஒட்டை மண்ணுக்கு மேல வெச்சு நடு, தெக்க பாத்த செவுத்தோரமா வை, பகல்ல செவுரு வாங்கின வெயிலு ராத்திரி அதுக்கு ஆகும்” என்றேன். மகள் தலையாட்டினாள்.

பீச் மரம் ஒன்று பூத்தே நின்றது. ரோஜா நிறத்தில் அத்தனை பூ. “இது அழகா இருக்குதுல்ல?” என்றாள். பூக்கிற காலம் முந்திக்கொண்டால், கடைசியாக ஒரு குளிர் வந்து அத்தனையையும் கொட்டிவிடும். அழகுக்கு வாங்குவதானால் வாங்கு, பழத்துக்கு என்றால் வேண்டாம் என்றேன். இவர் பாவம், “மாமரம் இருக்குதா பாரு கண்ணு” என்று ஒருமுறை கேட்டார். மகள் அடுத்த வரிசைக்குத் திரும்பிவிட்டாள். அவரும் தயிர்ச் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

கடைசி வரிசையில் ஒரு குச்சிக்கு முன்னால் நின்றாள். இலை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. பேரிக்காய். மலையில் விளைவதல்லவா, அந்த வெயிலில் எப்படி என்று கேட்டேன். அதிலேயே கொஞ்சம் குளிர் போதும் என்கிற ஜாதி இருக்கிறதாம். வெயிலைத் தாங்கும், குளிர் வந்தால் சாகாது. சொல்லப்போனால் அந்தச் சின்னக் குளிர் வந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். அதுவரை தேர்ந்தெடுத்த மற்ற மரமெல்லாம் அந்தக் குளிரைத் தப்பிப் பிழைக்கும், இது ஒன்றுதான் அதை வேண்டும் என்று கேட்கிறது. எனக்கு அந்த மரத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அதனால் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

மகள் சீட்டைப் புரட்டிப் பார்த்தாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “காய்க்க அஞ்சாறு வருசம் ஆகுமாம்மா” என்றாள். “நீ வேண்டாம்னுதான் சொல்லுவே.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்து நான் எதற்காக வருசம் கேட்கிறேன் என்று தெரிந்துகொண்டேதான் பப்பாளி வாங்கியிருக்கிறாள். போன் திரையில் அவள் முகம் தெரியவில்லை, அந்தக் குச்சியும் அதைப் பிடித்திருந்த அவள் கையும் தெரிந்தன. பக்கத்தில் இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இவருக்கும் தெரியும் போலிருக்கிறது. மோரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

“வை கண்ணு” என்றேன். “பெருசா வர்ற மரம். வேலியில இருந்து தள்ளி, நல்லா எடம் வுட்டு வை.”

ஆரஞ்சுக்கு மட்டும் சின்னதாக இருக்கும்வரை குளிருக்கு மூடு துணி வேண்டும் என்றாள். இவர் மறுநாளே ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்டுக்குப் போய்ப் பாலியஸ்டர் ஃப்ளீஸ் என்கிற புசுபுசுத் துணி ரோல் ஒன்றை வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் யூனிட் வாசற்படியை அது ஏறிய அன்று கட்டிங் மாஸ்டர் மீசைக்குள் சிரித்தார். இந்தத் தடவை ரிப் இல்லை, நாடா இல்லை. அகலமாக, தரையில் புரளும்படி, கன்று வளர வளர மாற்ற நாலு அளவில் பாவாடை. ஓரத்தில் கல் வைத்து அமுக்க மடிப்பு விட்டுத் தைத்தார். பெட்டியில் இடம் கிடைத்தபோது முதலில் நெய் டப்பாவை வைத்தார், பிறகுதான் துணியை வைத்தார்.

ஆடிக் காற்று ஓய்ந்து ஒரு மழை பெய்ததும், நான் நர்சரிக்குப் போய் ஒரு மாங்கன்று வாங்கி வந்தேன். வடக்குச் சைட்டில் வெண்டைச் செடிகளைப் பிடுங்கச் சொன்னேன். இவர் கடப்பாரையோடு காம்பவுண்டு ஓரமாகப் போய் நின்றார்.

“அங்க இல்லீங்க. நடுவுல” என்றேன்.

“நடுவுலயா? நாளைக்கு ஊடு கட்டறதுன்னா...” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். நடுவுக்கு வந்து குழி தோண்டினார். மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் போட நான் சொல்லாமலே போட்டார். நான் கன்றை இறக்கி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று ஓஸ் பைப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மகள் கூப்பிட்டபோது, அவள் அன்றைக்கு வேலியையும் புல்லையும் காட்டியது போலவே நானும் போனைத் திருப்பிக் காட்டினேன். ஈர மண், நடுவில் முழங்கால் உயரக் கன்று, பின்னால் காம்பவுண்டுச் சுவர்.

அவள் திரையருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். அங்கே அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்.

“அம்மா, இது காய்க்க எத்தனை வருசம்?”

“கேக்காமயே வாங்கிட்டு வந்துட்டேன் கண்ணு” என்றேன்.